நாலு ஆடா, மாதம் இரண்டாயிரமா, மொத்தமாக ஐம்பதாயிரமா?

பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் பதினொரு பேர் சேர்ந்து 6 லட்சம் ரூபாய் திரட்டி வைத்திருக்கிறோம். ஊர் விளாத்திகுளத்துக்குப் பக்கம். கரிசல் மண், கிணற்றுப் பாசனம் கிடையாது, மழையை நம்பி வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை. அங்கே 12 குடும்பங்களுக்கு ஆளுக்கு 50,000 ரூபாய் பெறுமானத்துக்கு உதவுவது என்று முடிவானது. அதுவரை பிரச்சினை இல்லை. எந்த ரூபத்தில் கொடுப்பது என்ற கேள்வி வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரம் சண்டை.

"பணமாக் கொடுத்தா சாயங்காலமே டாஸ்மாக்குக்குப் போயிரும், ஆடு வாங்கிக் கொடுப்போம்" என்றான் ஒருத்தன். "மாசம் ரெண்டாயிரம்னு ரெண்டு வருஷம் போட்டுவிடுவோம், அடுப்பாவது எரியும்" என்றாள் இன்னொருத்தி. நான் மொத்தமாகக் கையில் கொடுத்துவிடலாம் என்ற கட்சி. சண்டையில் ஜெயிக்கத்தான் இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். படித்து முடித்தபோது என் கட்சியிலிருந்து நானே பாதி விலகியிருந்தேன். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் குழு, வெளிநாட்டுச் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்குகிறவர்கள் என்று பலருக்கும் இதே குழப்பம் வரும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஆட்டிலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தப்பை நாங்கள் ஏற்கெனவே ஒரு தடவை செய்திருக்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஐந்து குடும்பங்களுக்கு நாலு நாலு ஆடு என்று 20 ஆடு வாங்கப் போனோம். சனிக்கிழமை விடிகாலை, எட்டயபுரம் சந்தை. வேனிலிருந்து பேண்ட் போட்ட நாலு பேர் இறங்கியதுமே விலை ஏறிவிட்டது என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. அங்கே வியாபாரிகள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அந்த விரல் கணக்கு எங்களுக்குத் தெரியாது. தரகர் சொன்ன விலைதான் விலை. நாலைந்து ஊர் ஆடுகளைக் கலந்து ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஐப்பசி மழையில் ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது, வாயெல்லாம் புண், அப்புறம் கழிச்சல். ஆட்டுக்கொல்லி நோய். கார்த்திகை முடிவதற்குள் 11 ஆடு போய்விட்டது.

நோயைக்கூட விதி என்று விட்டுவிடலாம். எனக்கு உறுத்தியது வேறு. ஒரு வீட்டில் ஆடு வந்த இரண்டாவது வாரமே இரண்டை விற்றுவிட்டார்கள். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. நாங்கள் ஏறின விலைக்கு வாங்கினோம், அவர்கள் இறங்கின விலைக்கு விற்றார்கள், நடுவில் இருந்த பணம் வியாபாரிக்கு. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது பணம். நாங்கள் அதை ஆடாக மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம், அவர்கள் மறுபடி பணமாக மாற்றிக்கொண்டார்கள். இரண்டு தடவை மாற்றினதில் தேய்மானம் மட்டும் மிச்சம். அந்தக் குடும்பத்தின் மேல் எங்களில் சிலருக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு வீட்டில் ஓர் அத்தை கேட்டார்: "ஆடு குடுத்திய, சரி. மேய்க்க ஆளு யாரு குடுப்பா?" அவரும் மருமகளும் காலையில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள்.

ஆடு கொடுப்பது எப்போதுமே தோற்கும் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2011-இல் விலையில்லா ஆடு, கறவை மாடு திட்டம் வந்தபோது நாலு ஆடு வாங்கி அதை ஒரு மந்தையாக்கினவர்கள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. வங்காளதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-இல் தொடங்கிய திட்டம் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. மாடு, ஆடு, கோழி என்று ஏதாவதொரு சொத்து. கூடவே கொஞ்ச காலத்துக்குச் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம், பயிற்சி, சேமிப்பு, வாரா வாரம் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஓர் ஆள். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் நல்ல பலன். மேற்கு வங்காளத்தில் பல வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்தக் குடும்பங்கள் மேலேதான் இருந்தன. ஆனால் ஹோண்டுராஸில் நிறையப் பேர் கோழியைத் தேர்ந்தெடுத்து, அவை நோயில் செத்துப்போயின. கானாவில் மற்ற உதவி எதுவும் இல்லாமல் ஆட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், முன்னேற்றம் நிலைக்கவில்லை.

அதாவது வேலை செய்தது ஆடு மட்டுமல்ல, வாரா வாரம் வந்து பார்த்த ஆளும்தான். எங்கள் குழுவில் பாதிப்பேர் சென்னையில், இரண்டு பேர் துபாயில். வாரா வாரம் யார் போவது? ஆடு பட்டியலிலிருந்து போய்விட்டது.

இனி டாஸ்மாக். இந்தப் பேச்சு வராத இடமே இல்லை, எனவே சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். உலக வங்கியின் டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா இருவரும் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உதவிப்பணம் வாங்கிய குடும்பங்களில் சாராயத்துக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. பல இடங்களில் சற்றுக் குறைந்திருந்தது. குடிக்கிறவன் இந்தப் பணத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை; கூலிப் பணத்திலேயே குடித்துக்கொண்டுதான் இருக்கிறான். அப்படிப்பட்ட வீடுகளில் பெண்ணின் கணக்கில் போட்டால் போதும். பத்தாம் வகுப்பு விடுமுறையில் நாங்கள் என்னென்ன குடித்தோம் என்று எனக்குத் தெரியும் என்பதால், குழுவில் இந்த வாதத்தை நான் அதிகம் இழுக்கவில்லை.

ஆக, பணம். மொத்தமாகவா, மாதாமாதமா?

இதை அதிகம் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று மேற்குக் கென்யா. விக்டோரியா ஏரிக்கரையில் சியாயா என்ற மாவட்டம்; மக்காச்சோளமும் பயறும் போடுகிற சிறு விவசாயிகள். கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் அங்கே கைபேசி வழியாக நேரடியாகப் பணம் அனுப்புகிறது. 2007-இலேயே எம்-பெசா வந்துவிட்ட நாடு என்பதால் வங்கிக் கணக்கு தேவையில்லை. செய்தி வந்ததும் பெட்டிக்கடையில் போய்ப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். யாருக்குக் கொடுப்பது என்று தொடக்கத்தில் அவர்கள் வைத்த அளவுகோல் நம் ஊர் ஆட்களுக்கு உடனே விளங்கும்: புல் வேய்ந்த கூரை வீடு.

2011-இல் ரரியேடா என்ற பகுதியில் நடந்த சோதனையில் சில குடும்பங்களுக்கு ஒரே தடவையில், சில குடும்பங்களுக்கு 9 மாதத் தவணையில் கொடுத்தார்கள். தவணையில் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாட்டுப் பஞ்சம் குறைந்தது. மொத்தமாக வாங்கியவர்கள் தகரக் கூரை, கால்நடை மாதிரி நின்று பலன் தருகிற பொருள் வாங்கினார்கள். தகரக் கூரையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கூரை வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், அடிக்கடி மாற்றி மேய்வதற்கு ஆகிற செலவும், அந்த நாட்களில் போகிற கூலியும். தகரம் போட்டதும் அந்தச் செலவு நின்றுவிடுகிறது. அது ஆடம்பரம் இல்லை, முதலீடு.

அடுத்தது இன்னும் பெரிய சோதனை. சியாயாவிலும் போமெட் மாவட்டத்திலும் 2018 வாக்கில் தொடங்கியது. அபிஜித் பானர்ஜி, தவ்னீத் சூரி முதலானவர்கள் ஆய்வை நடத்தினார்கள். மொத்தம் 295 ஊர்கள். 44 ஊர்களில் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் 12 வருஷத்துக்கு மாதம் சுமார் 22 டாலர். 80 ஊர்களில் அதே தொகை, ஆனால் இரண்டே வருஷம். 71 ஊர்களில் மொத்தமாக 500 டாலர் அளவில். மீதி 100 ஊர்களுக்கு எதுவும் இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு வருஷத் தவணையும் மொத்தத் தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் 50,000-ஐ 24 மாதத்தால் வகுத்தால் 2,083. எங்கள் வாட்ஸ்அப் சண்டையை யாரோ 151 ஊர்களில் நடத்திப் பார்த்த மாதிரி இருந்தது.

சில வருஷம் கழித்துப் பார்த்தால், மொத்தமாக வாங்கியவர்கள் சிறு கடை, வியாபாரம் தொடங்கினார்கள், வருமானம் கூடியது. 12 வருஷம் வரும் என்று தெரிந்தவர்களும் அதே மாதிரி. இரண்டு வருஷத்தோடு நின்றுவிடும் என்று தெரிந்தவர்கள்தான் இந்த விஷயத்தில் பின்தங்கினார்கள். சோம்பேறியாகிவிட்டார்களா என்றால் எந்தக் குழுவிலும் இல்லை. மொத்த வேலை நேரம் குறையவில்லை, கூலி வேலையிலிருந்து சொந்தத் தொழிலுக்கு நகர்ந்திருக்கிறார்கள்.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஒன்று. 12 வருஷக் குழுவுக்கும் மாதாமாதம் சின்னத் தொகைதானே வருகிறது, அவர்கள் எப்படிக் கடை போட்டார்கள்? சீட்டுப் பிடித்தார்கள். கென்யாவில் அதற்குச் 'சாமா' என்று பெயர். பத்து இருபது பேர் மாதாமாதம் வந்த பணத்தை ஒன்றாகப் போட்டு, ஆளுக்கு ஒரு மாதம் மொத்தமாக எடுத்துக்கொள்வது. தவணையில் கொடுத்ததை அவர்களாகவே மொத்தத் தொகையாக மாற்றிக்கொண்டார்கள். நெடுங்காலம் வரும் என்ற நம்பிக்கை இருந்ததால் சீட்டில் துணிந்து இறங்க முடிந்தது.

நம் பெண்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தும் வேறென்ன? சின்னச் சின்னதாக எல்லோருக்கும் போட்டு வைத்ததை ஒருநாள் கறிச் சோறு போட்டு மொத்தமாகத் திரும்ப எடுத்துக்கொள்கிற ஏற்பாடு. சம்பளக்காரனுக்கு மாதக் கணக்கு. விவசாயக் குடும்பத்துக்கு உழவு, விதை, கல்யாணம், கிணறு எல்லாமே மொத்தச் செலவு. அதற்கு மொத்தத் தொகை வேண்டும்.

மாதாமாதக் கட்சிக்காரி விடவில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் 2011-இல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் யூனிசெஃபும் சில கிராமங்களில் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தன. பெரியவர்களுக்கு 200 ரூபாய், குழந்தைக்கு 100. பிறகு 300-ம் 150-ம் ஆனது. அவ்வளவு சின்னத் தொகையிலேயே சாப்பாடு மேம்பட்டது, சின்னக் கால்நடைகள் சேர்ந்தன, அடுத்தவன் காட்டுக் கூலியைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தில் வேலை பார்த்தார்கள். ஆனால் நான் அவளிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, 2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது. எங்கள் பட்டியலில் ஒன்பது வீட்டுக்கு அது வருகிறது. ரேஷன் அரிசியும் உண்டு. அடுப்பு எரிவதற்கான பணம் குறைவுதான், ஆனால் வழி ஒன்று இருக்கிறது. விதைப்புக்கு முன்னால் 40,000 ரூபாயைக் கண்ணில் காட்டுகிற வழிதான் இல்லை. இரண்டாவது, எங்கள் ஊரில் வாரா வாரம் குழுக் கடன் வசூலுக்கு ஆள் வருகிறார். மாதம் 2,000 வருகிறது என்று அவருக்குத் தெரிந்தால் அது அவருடைய 2,000 ஆகிவிடும். இன்னொரு கடனை அவரே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.

குழந்தைகள் விஷயத்தில் மொத்தத் தொகை என்ன செய்தது என்பது எதிர்பாராதது. சியாயாவில் 2014 முதல் 653 ஊர்களில் நடந்த ஒரு சோதனையில் 10,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா 1,000 டாலர் அளவில் கொடுத்தார்கள். அதே குடும்பங்களை வைத்து 2025-இல் வந்த ஆய்வு, ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாகச் சொல்கிறது. காரணம் மருந்து மாத்திரை மட்டும் இல்லை. நிறைமாதக் கர்ப்பிணி காட்டு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க முடிந்தது, மருத்துவமனைக்குப் போக முடிந்தது. மருத்துவமனை பக்கத்தில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். எங்கள் அம்மா தலைமுறையில் களையெடுக்கும் இடத்திலிருந்தே பிரசவத்துக்குப் போனவர்களின் கதை ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. அதனால் இந்த ஒரு வரியில் எனக்கு ஆச்சரியத்தைவிட வேறொன்றுதான் வந்தது.

சரி, மொத்தத் தொகை ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் நண்பன் ஒருத்தன், இன்னும் ஊரிலேயே விவசாயம் பார்க்கிறவன், "எந்த மாசம் குடுப்ப?" என்று கேட்டான்.

"பணம் ரெடியா இருக்கு, இந்த மாசமே போடுவோம்."

"இது பங்குனி. இப்பப் போட்டா கோவில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் போயிரும். புரட்டாசியில உரக்கடை வாசல்ல அவன் பழையபடி நிப்பான்."

கரிசல் காட்டுக் கணக்கு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவணியில் உழுது போட வேண்டும். புரட்டாசியில் மழைக்கு முன்னால் விதைப்பு: உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு. ஐப்பசியில் களை, மருந்து. மக்காச்சோளமாக இருந்தால் 2018-லிருந்து படைப்புழு வேறு. தை, மாசியில் அறுப்பு. பணம் கையில் இருப்பது மாசியில், தேவைப்படுவது ஆவணியில். நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் பணம் நிற்காது. நிற்க விடுகிற வீடு எது?

எனவே ஆவணியில் நகை அடகுக்குப் போகும், அது போதாவிட்டால் உரக்கடைக் கடன். கடைக்காரர் விதை, டி.ஏ.பி. உரம், மருந்து எல்லாம் கடனுக்குத் தருவார். டி.ஏ.பி. மூட்டை மேல் அச்சடித்த விலை 1,350. கணக்கு நோட்டில் ஏறுகிற விலை வேறு. அதைவிட முக்கியம், அறுத்ததை அவரிடமே போட வேண்டும். அவர் வைத்ததுதான் எடை, அவர் சொன்னதுதான் விலை. தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் உளுந்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், விலை விழும். கடன் இல்லாதவன் சாக்கில் கட்டி வீட்டு மூலையில் வைத்து, சித்திரை வைகாசியில் விலை ஏறும்போது விற்பான். ஆவணியில் வருகிற 40,000 வட்டியை மட்டும் மிச்சப்படுத்தவில்லை, எப்போது யாரிடம் விற்பது என்கிற உரிமையையும் சேர்த்து வாங்கிக் கொடுக்கிறது. இதே 40,000 பங்குனியில் வந்தால் அந்த உரிமை கிடைக்காது.

இதற்கும் ஆய்வு இருக்கிறது. நிலம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு மத்திய அரசு தவணைக்கு 2,000 ரூபாய் போடுகிற பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் வந்தபோது உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். சாகுபடி வேலை மும்முரமாக இருந்த சமயத்தில் தவணை கிடைத்தவர்கள் அதைப் பயிருக்குப் போட்டார்கள். வேலை இல்லாத காலத்தில் கிடைத்தவர்கள் வீட்டுச் செலவுக்கு. ஆளும் அதே மாதிரி, தொகையும் அதே 2,000. கென்யாவின் புசியா பகுதியில் இன்னும் தெளிவு: உரத்துக்கான பணத்தை விதைப்பு நேரத்தில் கட்டச் சொல்லாமல், கையில் காசு இருக்கிற அறுவடைச் சமயத்திலேயே வாங்கிக்கொண்டு உரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் உரம் போடுகிறவர்கள் கணிசமாகக் கூடினார்கள்.

தெலங்கானா இதை நன்றாகப் புரிந்துகொண்டது. 2018 மே 10 அன்று தொடங்கிய ரைத்து பந்து, ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் ஏக்கருக்கு 4,000 ரூபாய் என்று வந்தது, பிறகு 5,000 ஆனது. அதன் அரசுப் பெயரிலேயே 'சாகுபடி முதலீடு' என்ற எண்ணம். பி.எம். கிசானின் 2,000-க்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. வாங்கினால் மிச்சம் 650. ரைத்து பந்து இருந்தவரை நாலு ஏக்கர்காரருக்கு 20,000 வந்தது. உழவே முடிந்துவிட்டது. ஆனால் அதில் வேறொரு கோளாறு இருந்தது. நிலத்துக்கு உச்சவரம்பு இருக்கவில்லை, 20 ஏக்கர் வைத்திருந்தவருக்கு லட்ச ரூபாய். அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதவருக்கு ஒரு பைசா இல்லை. பட்டா யார் பெயரிலோ அவருக்குத்தான் பணம். பி.எம். கிசானும் அப்படியே. ஒடிசா அப்படியில்லாமல் 2018 கடைசியில் அறிவித்த காலியா திட்டத்தில் குத்தகைதாரரையும், நிலமே இல்லாத குடும்பங்களையும் சேர்த்தது. நிலமில்லாதவர்களுக்கு ஆடு, கோழி, காளான், தேனீ மாதிரியான தொழில்களுக்காக 12,500 ரூபாய்.

எங்கள் பன்னிரண்டில் நாலு குடும்பம் அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு பேசி, உழுகிறவர்கள். இரண்டு பேருக்குப் பட்டா செத்துப்போன தாத்தா பெயரில் இருக்கிறது, பங்காளிகள் ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இவர்கள் யாருக்கும் அரசுப் பணம் வராது. அதனால் பட்டாவைக் கேட்காமல் போன வருஷம் காட்டில் யார் நின்றார்கள் என்று கேட்டுப் பட்டியல் போட்டோம். பட்டியல் போடுவதில் கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020-இல் தமிழ்நாட்டிலேயே நடந்தது போதும்: பி.எம். கிசானில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து 110 கோடி ரூபாய் அளவுக்கு முறைகேடு.

ஊரில் மொத்தம் 90 வீடு இருக்கும். 12 வீட்டுக்குக் கொடுத்தால் 78 வீடு பார்த்துக்கொண்டிருக்கும். கென்யாவில் ஹோமா பே பகுதியில் நிறையப் பேர் இலவசப் பணத்தை வாங்கவே மறுத்தார்கள். இது சாத்தானோடு சம்பந்தப்பட்ட பணம் என்று வதந்தி. சும்மா யாராவது பணம் கொடுப்பார்களா என்ற சந்தேகம் எந்த ஊரிலும் நியாயமானதுதான். நம் ஊரில் சாத்தானுக்குப் பதிலாக "எலக்‌ஷன் வருதுல்ல" என்பார்கள். பொறாமையைவிட ரகசியம்தான் ஆபத்து என்று எனக்குத் தோன்றியது. எனவே பட்டியலையும் காரணத்தையும் அம்மன் கோவில் முன்னால் வைத்தே வாசித்துவிடுவது என்று முடிவு செய்தோம். 653 ஊர் ஆய்வில் ஓர் ஆறுதல் உண்டு: கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்தப் பகுதியில் 2.5 டாலர் அளவுக்குப் பொருளாதாரம் நகர்ந்தது, பணம் வாங்காத வீடுகளின் செலவழிப்பும் உயர்ந்தது, விலைவாசி ஏறியது வெறும் 0.1 சதவீதம் மாதிரிதான். டிராக்டர்காரர், தையல்காரர், டீக்கடை எல்லோருக்கும் கொஞ்சம் போகிறது. 12 குடும்பத்தில் அவ்வளவு பெரிய அலை எழும்பாது, தெரியும்.

முடிவு இப்படி வந்தது. சாகுபடி செய்கிற பத்துக் குடும்பங்களுக்கு ஆவணி 25-ஆம் தேதி 35,000, ஐப்பசி 10-ஆம் தேதி களைக்கும் மருந்துக்கும் 15,000. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கணக்கில். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி பிடித்துக்கொள்ளாத கணக்கா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்; எனக்கு ஒரு தடவை பட்ட அனுபவம் இருக்கிறது. நிலமில்லாத இரண்டு பெண்களிடம் எப்படி வேண்டும் என்று கேட்டோம். ஒருவர், வயதானவர், மாதாமாதம் 2,000 போதும் என்றார், மொத்தமாக வந்தால் மகன் வந்து நிற்பான் என்பதால். அவருக்கு அப்படியே. இன்னொருவர் மொத்தமாகக் கேட்டார், இட்லிக் கடைக்கு. ஆடு கட்சிக்காரன் ரசீது வேண்டும், போட்டோ வேண்டும் என்றான். வேண்டாம் என்று பெரும்பான்மை முடிவு. அவன் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறான்.

இதெல்லாவற்றையும்விட அதிக நேரம் பேசியது ஒன்றைப் பற்றி: எப்போது சொல்வது. கென்யாவில் 12 வருஷக் குழுவும் 2 வருஷக் குழுவும் ஆய்வின்போது கையில் வாங்கியிருந்தது ஒரே தொகைதான். வித்தியாசம், முன்னால் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததில். பி.எம். கிசான் தவணைக்கு எங்கள் ஊரில் யாரும் திட்டம் போடுவதில்லை. வந்தால் பார்த்துக்கொள்வோம் என்று இருப்பார்கள். அதனால் ஆவணிப் பணத்தைச் சித்திரையிலேயே தேதியோடு சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, போன ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீட்டுக்காகப் போன் போட்டேன். பட்டியலில் மூன்றாவது ஒரு மதினி, மூன்று ஏக்கரை வாரத்துக்கு எடுத்து உழுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தேதி மாறாதுல்ல?" என்றார்.

"மாறாது மதினி. ஆவணி இருபத்தஞ்சு."

"அப்ப டிராக்டர்காரன்ட்ட இப்பவே சொல்லி வச்சிருதேன். உரக்கடைக்காரர்ட்டயும்தான், இந்த வருசம் என் பேர எழுத வேண்டாம்னு."